வெளியார் உதவி

பத்து ஃபெரிங்கியில் இன்னும் சரியாக விடியவில்லை.
முந்நூறு பேருக்கும் ஒரே ஆரஞ்சுத் தொப்பி.
மணலில் நின்றபடி
ஒரு தலையைத் தவமலர் என்று முடிவுகட்டிக்
கத்தத் தொடங்கினேன்.
பிள்ளைகள் மைலோ டின்னைக் கரண்டியால் தட்டினார்கள்.
அந்தத் தலை முதல் மிதவையைச் சுற்றியது,
இரண்டாவதையும் சுற்றியது,
சொறிமீன் எதிலும் மாட்டாமல் கரைக்கு வந்து
எழுந்து நின்றது.
நரைத்த மீசையோடு ஒரு சீனர்.
எங்களைப் பார்த்துக் கைகூட ஆட்டினார், பாவம்.

அவளோ எப்போதோ கரையேறி
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள்.
"அப்பா, அம்மா அங்க!"
எனக்குக் கிடைத்தது முதுகு மட்டும்.
புஜத்தில் கறுப்பு மார்க்கரில் நாலு, ஒன்று, ஏழு.

தெலுக் பஹாங் போய்த் திரும்ப வேண்டும்,
இரண்டு முறை.
சாத்திக் கிடந்த பாசார் மாலாம் கடைகளுக்கு எதிரே
வளைவில் இடம் பிடித்தோம்.
பக்கத்தில் ரொசித்தா அக்கா, தன் கணவருக்காக,
ஒரு கையில் நாசி லெமாக், ஒரு கையில் ஊதல்.
என் கடை டியூப் பெட்டியைக் கிழித்து
மகன் அட்டையில் எழுதியிருந்தான்:
அம்மா போ.
துரத்துவது போல் இருக்கிறதே என்றேன்.
அவனுக்குப் பிடிக்கவில்லை.

முதல் சுற்றில் கடந்தாள்.
சிரித்தாளா, காற்றுக்குப் பல்லைக் கடித்தாளா, தெரியவில்லை.

இரண்டாம் சுற்றில்
அவளுக்கு முன்னால் அந்தச் சத்தம் வந்தது.
இருபத்திரண்டு வருடமாக
புக்கிட் மெர்தாஜாமில் டயர் கடை வைத்திருக்கிறேன்.
லாரியோ சைக்கிளோ,
காற்றுப் போன ரப்பர் எனக்குத் தூக்கத்திலும் கேட்கும்.
பின்சக்கரம்.
ரிம் தாரில் தட்டித் தட்டி வருகிறது.

சரியாக எங்கள் முன்னால் இறங்கினாள்.
ஐந்தடி தூரம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாடா.
என் ஒரு கால் அதைத் தாண்டிவிட்டது.
"தொடாதீங்க" என்றாள், தலை நிமிராமல்.
பச்சைச் சட்டைத் தொண்டூழியப் பையன் ஓடிவந்து
மலாயில், மிக மரியாதையாக,
"வெளியார் உதவினால் அக்காவை நீக்கிவிடுவார்கள், அங்கிள்."

வெளியார்.
பதினாறு வருடக் கல்யாணம்.

கைகளைப் பாக்கெட்டில் போட்டேன்.
உள்ளே அவை சும்மா இல்லை.
அங்கே அவள் விரல் வழுக்கினால்
இங்கே என் கட்டைவிரல் சாவிக்கொத்தை நெம்பியது.
வால்வுக்கு நேர் எதிரே தொடங்கு,
சொல்ல வாயெடுத்தேன்.
அங்கேதான் தொடங்கியிருந்தாள்.
டயரின் உட்புறத்தை விரலால் தடவினாள்,
ஒரு கம்பித் துணுக்கைக் கண்டுபிடித்து எறிந்தாள்.
அதைக்கூட நான் சொல்லித் தரவில்லை.
பிள்ளைகள் தூங்கிய பிறகு
ஹாலில் எரிந்த கைப்பேசி வெளிச்சத்தை
கொரிய நாடகம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

எத்தனையோ பேர் போனார்கள்.
அந்தச் சீனரும் போனார்,
மைலோ டின்னுக்கு மறுபடி கையாட்டிவிட்டு.
மகள் தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.
"கத்தலாமா?" என்று பையனைக் கேட்டேன்.
"கத்தலாம், அங்கிள்."
கைப்பம்பை அவள் மாட்டியதும் கத்தினேன்:
காத்தடி! காத்தடி!
மகள், மகன், டின்,
அர்த்தம் தெரியாமலே ரொசித்தா அக்காவும்:
காத்தடி! காத்தடி!
பச்சைச் சட்டைப் பையன் மட்டும்
உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான்.

பதினோரு நிமிடம்.
என் கடையில் என்றால் நாலு.
இதை அவளிடம் ஒருநாளும் சொல்லப்போவதில்லை.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.
வெயில் ஏறிவிட்டது, வாளியில் ஐஸ் கரைந்துவிட்டது,
பாதிப் பேர் நடந்தார்கள்.
அவள் நடக்கவில்லை.
நடப்பவர்களைவிட மெதுவாக ஓடினாள்.
மகன் அட்டையைத் தலைக்கு மேல் பிடித்து
நிழலாக்கிக்கொண்டான்.
"பசியாறப் போகலாமா?" என்று இரண்டு முறை கேட்டான்.

கோட்டைத் தாண்டினாள்.
யாரோ கழுத்தில் பதக்கம் போட்டார்கள்.
முதலில் தண்ணீர் குடித்தாள், முழுப் போத்தலும்.
பிறகு முதுகுப் பையிலிருந்து
சுருட்டி வைத்த அந்தப் பழைய டியூபை உருவி,
மசி படிந்த விரல்களால்
என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்ப தொடலாம்."